ஷார்ட்ஸ்டாப்: மூத்தவரையும் இளையவரையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இரவு நடக்கும் பேஸ்பால் ஆட்டம் நமக்கு மறுநாள் காலையில் வருகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பள்ளித் திடலில் சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள் பசியாறும்போதே கைப்பேசியில் ஷார்ட்ஸ்டாப்களின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்கள்) எரர் (தடுப்புப் பிழை) எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "மூத்தவர்தான் கெட்டி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

எரர் விழுவது பெரும்பாலும் எட்டிய பந்துக்குத்தான். எட்டாத பந்து அடித்தவருக்கு ஹிட் ஆகிவிடும், ஷார்ட்ஸ்டாப் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஒரு கற்பனைக் கணக்கு: மூத்தவர் 400 பந்தை எட்டி 8 எரர் செய்தால் 392 அவுட், 98 விழுக்காடு. இளையவர் 430 எட்டி 18 எரர் செய்தால் 412 அவுட், ஆனால் 96 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. விழுக்காட்டில் தோற்றவர் 20 அவுட் கூடுதலாகத் தந்திருக்கிறார். (எறிதல் எரராக இருந்தால் ஓடுபவருக்கு இன்னொரு பேஸும் கிடைத்துவிடும், அந்த 20 முழு லாபமல்ல.) 2024-இல் அமெரிக்காவின் மேஜர் லீகில் ஆடும் ஷார்ட்ஸ்டாப் எல்லி டி லா குரூஸ் எரர் பட்டியலில் முன்னணியில் இருந்தார், பந்தை எட்டும் திறனை அளக்கும் கணக்கிலும் மேல்வரிசையில் இருந்தார்.

பாய்ந்து விழுந்து பிடிப்பதைத் திறமை என்று எண்ணுவது எதிர்ப்பக்கத் தவறு. எடுத்துவைக்கும் முதல் எட்டு தாமதமானதாலும் பாய வேண்டி வரும். முன்னாள் ஷார்ட்ஸ்டாப் கால் ரிப்கென் வேகமானவர் அல்லர், உயரமோ 193 செ.மீ. பிட்சர் (பந்து வீசுபவர்) போடப்போகும் பந்தையும் பேட்டரின் பழக்கத்தையும் கணித்து முன்கூட்டியே இடம் மாறி நிற்பார். 1990-இல் அவர் செய்த எரர் மூன்றுதான். வயதானாலே கை மந்தமாகிவிடும் என்பதும் சரியல்ல. இன்னொரு ஷார்ட்ஸ்டாப் ஓமார் விஸ்கெல் 39 வயதில், 2006-இல், சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருது வாங்கினார். முதலில் தளர்வது பெரும்பாலும் கால்.

2023 முதல் மேஜர் லீகில், பிட்சர் பந்து போடும்போது, உள்வட்டத் தடுப்பாளர்கள் நால்வரும் இரண்டாம் பேஸின் இருபுறமும் இருவர் இருவராக உள்வட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்திய ஆண்டுகளின் எண்ணை அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு மாதக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

நம் திடலில் ஒப்பிடுவதானால், அடிப்பவரும் தொடக்கப் புள்ளியும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். நேராக 10, இடப்பக்கம் 10, மூன்றாம் பேஸ் பக்கம் பேக்ஹேண்டில் (கிளவ் கையை உடலுக்குக் குறுக்கே நீட்டிப் பிடிப்பது) 10. மட்டையில் பந்து பட்டதிலிருந்து முதல் பேஸ்காரர் கிளவில் விழும்வரை ஸ்டாப்வாட்ச். மேஜர் லீக் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள்: அங்கே பேஸ் இடைவெளி 90 அடி, சாஃப்ட்பாலில் 60. ஒருவரை மழைக்கு முன்பும் மற்றவரை மழைக்குப் பிறகும் சோதிப்பது வீண்; ஈரப்புல் பந்தின் வேகத்தை மாற்றிவிடும்.

இதோடு நிறுத்தினால் மூத்தவருக்கு அநியாயம். பயிற்சியாளர் கையால் தூக்கிப் போட்டு அடிக்கும் பந்தில் கணிப்புக்கு இடமே இல்லை. ஆகவே இரண்டாம் சுற்றில் பிட்சரும் பேட்டரும் உண்மையாக ஆடட்டும், இடத்தை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். நேரம் எங்கே போகிறது என்பதை ஸ்லோமோஷனில் பாருங்கள்: முதல் எட்டிலா, கிளவிலிருந்து கைக்கு மாற்றுவதிலா, எறிவதற்கு முன் வைக்கும் கூடுதல் எட்டிலா? கடைசி இரண்டையும் இளையவர் பயிற்சியில் திருத்திக்கொள்ளலாம்.

ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்கும் டபுள் பிளேயை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் பாதி வேலை இரண்டாம் பேஸ்காரருடையது.