பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற பரம்பரைக் காரை விற்பது எப்படி?

குடும்பப் பெரியவர் ஒருவர் விட்டுச் சென்ற பழைய கார் பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றிருக்க, அதை விற்பதென்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் செய்ய முனைவது இரண்டு வேலைகள்: தண்ணீர் அடித்துக் கழுவுவது, புதிய பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகிப் பார்ப்பது. இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டும். இத்தகைய காரின் விலை அதன் பளபளப்பைப் பொறுத்ததன்று; அது எந்த ஆண்டின் எந்த மாடல், தொழிற்சாலையிலிருந்து வந்த பாகங்களில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதற்கெல்லாம் என்ன சான்று இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்கியூரியல் என்ற ஏல நிறுவனம் பையோன் குடும்பத்துச் சேகரிப்பின் 59 கார்களைத் தூசியும் துருவுமாகக் கண்டெடுத்த நிலையிலேயே ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர் அந்த ஏலத்தில் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. நம் கொட்டகையில் அப்படியொரு கார் இருக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் தொடப்படாத காருக்கென்றே தனியாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது எளிய மாடல்களுக்கும் பொருந்தும்.

விற்கும் உரிமை யாருக்கு

காரின் சாவி கையில் இருப்பதால் விற்கும் உரிமை வந்துவிடாது. பதிவு ஆவணம் இறந்தவர் பெயரிலேயே இருந்தால், உயில் அல்லது வாரிசுரிமை ஆவணத்தைக் கொண்டு உரிமையை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். வாரிசுகள் பலராக இருந்தால் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற வேண்டும். கார் மீது எப்போதோ வாங்கிய கடன் பல ஆண்டுகளுக்கு முன்பே அடைக்கப்பட்டிருந்தும், அதற்கான குறிப்பு மட்டும் பதிவில் நீக்கப்படாமல் நிற்பதுண்டு. விலை பேசி முடித்த பிறகு இது வெளிப்பட்டால் வாங்க வந்தவர் பின்வாங்கிவிடுவார். உரிமை கைக்கு வந்த தேதியில் காரின் மதிப்பு எவ்வளவு என்று மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுதி வாங்கி வைப்பதும் பயன் தரும். விற்பனை லாபத்துக்கு வரி விதிக்கும் நாடுகள் பலவற்றில் கணக்கு அந்த மதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. நின்றிருக்கும் காருக்கு மட்டுமான காப்பீடு கிடைக்குமானால் அதையும் எடுத்துவிடலாம்.

காரின் அடையாளத்தை உறுதி செய்தல்

எழுத்துகளும் எண்களுமாக 17 குறிகள் கொண்ட இன்றைய அடையாள எண் முறை அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்துதான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்த சேசிஸ் எண், என்ஜின் எண், பாடி எண் ஆகியவை தனித்தனி இடங்களில் இருக்கும். என்ஜின் அறையின் பின்சுவரில் திருகப்பட்ட சிறு தகட்டில் சேசிஸ் எண்ணோடு பெயின்ட், சீட் துணி ஆகியவற்றின் குறியீடுகளும் இருக்கக்கூடும். என்ஜின் எண் பெரும்பாலும் என்ஜின் பிளாக்கிலேயே பொறிக்கப்பட்டு, கிரீஸும் மண்ணும் மூடிக் கிடக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ ஒருபோதும் தேய்க்கக் கூடாது. தேய்க்கப்பட்ட எண்ணைப் பார்க்கும் அனுபவசாலி, அது மாற்றிப் பொறிக்கப்பட்டது என்றே முதலில் சந்தேகிப்பார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் சிறிது நேரம் வைத்திருந்து மெல்ல ஒற்றி எடுத்தபின், டார்ச் வெளிச்சத்தை நேராகப் பாய்ச்சாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து மங்கிய எண்ணும் படிக்கக் கிடைக்கும். அந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு, பதிவு ஆவணத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும்.

எண்கள் பொருந்தாவிட்டால் பதற வேண்டியதில்லை; அக்காலத்தில் பழுதான என்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவது சாதாரணமாக நடந்ததுதான். ஆனால் பொருந்தவில்லை என்பதை விற்கும்போது சொல்லியாக வேண்டும், ஏனெனில் தொழிற்சாலையில் பூட்டிய அதே என்ஜினோடு இருக்கும் கார் கூடுதல் விலை பெறும். தயாரிப்புப் பதிவேடுகள் பல நிறுவனங்களுக்கு இன்னும் பத்திரமாக உள்ளன. ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, ட்ரையம்ஃப் முதலிய பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகமும், ஜாகுவார் கார்களுக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டும், கார் எப்போது தயாரானது, அப்போதைய என்ஜின் எண்ணும் நிறமும் எவை என்று பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகின்றன. கட்டணம் உண்டு என்றாலும், இந்த விற்பனையில் நீங்கள் செய்யும் செலவுகளிலேயே நிச்சயமாகத் திரும்பி வருவது இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து வீட்டைத் தேட வேண்டும். வாங்கியபோது கொடுத்த பில், சர்வீஸ் ரசீதுகள், கையேடு, மாற்றுச் சாவி, ஜாக்கி, ஸ்பானர் பை, எப்போதோ கழற்றி வைத்த வீல் கப்புகள், காருக்குப் பக்கத்தில் குடும்பத்தார் நிற்கும் பழைய புகைப்படம் ஆகிய எல்லாமே காரின் வரலாற்றுச் சான்றுகள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பணிமனை ரசீதில் எழுதப்பட்ட கிலோமீட்டர் எண்ணிக்கை ஒன்றே, மீட்டர் காட்டுவது உண்மைதான் என்று நிரூபிக்கப் போதுமானதாக அமைந்துவிடலாம். மேலே பரணில் கிடைக்கும் உதிரிபாகங்களைத் தனியே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்; அவற்றைக் காரோடு சேர்த்தே விற்க வேண்டும்.

காரைத் தொடுவதற்கு முன்

நெடுநாள் நின்ற காரில் எலி குடியிருந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கினால் கிருமிகள் தூசியோடு மூச்சில் புகும். கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கிருமிநாசினியால் நனைத்த பிறகே துடைத்தெடுக்க வேண்டும். பழைய பிரேக், கிளட்ச் பட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புள்ளதால், அங்குள்ள தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது.

எந்தப் பொருளையும் நகர்த்துவதற்கு முன் கார் நிற்கும் கோலத்தையே நாற்புறமும் படம் எடுத்துவிட வேண்டும். டயர்களில் காற்றடித்துப் பார்க்கலாம். காற்று நின்றாலும் அவற்றை நம்பிச் சாலையில் ஓட்டக் கூடாது. 2000-க்குப் பின் தயாரான டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கக் குறி இருக்கும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மூன்று இலக்கமே இருந்தால் டயர் அதற்கும் பழையது. கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுழலாமல் போகலாம். அப்போது பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பரும் அதன் தாங்கியும் வளைந்துவிடும். சக்கரங்களுக்கு அடியில் உருளைத் தட்டு வைத்து, சமதளப் பலகை உள்ள வண்டியில் ஏற்றுவதே முறை.

ஸ்டார்ட் செய்யலாமா

பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் டேங்கில் நின்றது பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்கின் உட்புறத்தைத் துருப்பிடிக்கவும் வைக்கும். சிலிண்டருக்குள் ஈரம் இறங்கியிருந்தால் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் பலத்தோடு சுற்றினால் வளையம் உடையும், சில சமயம் சிலிண்டரும் கீறிப்போகும். அதுவரை சில நாள் வேலையாக இருந்தது அந்த ஒரு திருகலில் முழு என்ஜின் வேலையாகிவிடும்.

அனுபவமுள்ள மெக்கானிக் செய்யும் முறை வேறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவை இளக்கும் எண்ணெய் சிறிது விட்டு, சில நாள் ஊறவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, என்ஜினின் சுழல்தண்டோடு இணைந்த சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பார். தடையின்றிச் சுழன்றால், பழைய ஆயிலை மாற்றி, டேங்கைக் காலிசெய்து, வெளியே தனிக் கேனிலிருந்து புதிய பெட்ரோல் கொடுத்த பிறகே பேட்டரி இணைப்பார். சுழலவில்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடலாம். என்ஜின் இறுகியிருக்கிறது என்று எழுதி விற்பதில் தவறேதும் இல்லை.

என்ஜின் ஓடிவிட்டது என்பதற்காகக் காரை நகர்த்திவிடக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. உள்ளே துருவேறிப் பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், ரப்பர் குழாய்கள் உள்ளே உப்பி அடைத்திருக்கும். பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான், ஆகவே ஓரிடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று எவ்வளவு வற்புறுத்தினாலும், பிரேக் சரிபார்க்கப்படாத காரைச் சாலையில் இறக்க அனுமதிக்கக் கூடாது.

எவ்வளவு செலவழிப்பது

முழுமையாகப் புதுப்பித்து விற்றால் லாபம் அதிகம் என்ற எண்ணம் பெரும்பாலும் பொய்த்துவிடும். டிங்கரிங், பெயின்ட், குரோம், சீட் வேலை என்று போகும் பணம் அதே அளவில் விலையாகத் திரும்புவது அரிது. போதாக்குறைக்கு, மூல பெயின்ட் ஒருமுறை போனால் மீண்டும் வராது. அரிதான மாடலாக இருந்தால் எதையும் செய்யாமல் அப்படியே விற்பதே சரி என்பது என் கருத்து. நிறைய எண்ணிக்கையில் தயாரான சாதாரண மாடலென்றால், என்ஜின் ஓடுவது, பிரேக் பிடிப்பது, சக்கரம் உருள்வது ஆகிய மூன்றுக்கு மட்டும் செலவழிக்கலாம். ஏற்றிச் செல்லும் வண்டியில் தானாக ஏறி இறங்கும் காரை வாங்க வருபவர்கள் அதிகம். ஆனால் துருவின் மேல் பட்டி பூசி அவசர பெயின்ட் அடிப்பது இரண்டு வகைக்கும் கெடுதல். வாங்க வருபவர் கையில் சிறு காந்தம் வைத்திருப்பார். பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. கதவுக்குக் கீழ்ச்சட்டம், தரைத்தகடு, சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டின் அடி ஆகியவற்றைத்தான் அவர் முதலில் பார்ப்பார் என்பதால், அவற்றை நீங்களே முன்கூட்டிப் பார்த்துப் படமெடுத்து வைப்பது நல்லது.

விலையும் விற்கும் வழியும்

விளம்பரங்களில் காணும் விலை கேட்பவரின் ஆசை மட்டுமே. ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்று முடிந்த விலைகளே கணக்கில் கொள்ளத்தக்கவை. அங்கும் உங்கள் கார் உள்ள நிலையோடு ஒத்த காரையே ஒப்பிட வேண்டும். அந்த மாடலுக்கென உள்ள ஆர்வலர் மன்றத்தில் விசாரித்தால் நம்பகமான தகவல் கிடைக்கும். மதிப்பீடு செய்பவரே வாங்கவும் முன்வந்தால், அவர் சொல்லும் எண்ணை விலைபேசுதலின் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரிய கார் ஏலத்துக்கும், சாதாரண கார் மன்ற உறுப்பினர்களிடையே நேரடி விற்பனைக்கும் ஏற்றது. ஏலத்தில் கையெழுத்திடும் முன், இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற அடிவிலை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, காரைக் கொண்டுபோகும் செலவும் படமெடுக்கும் செலவும் யாருடையவை, விற்காமல் திரும்பினால் என்ன கட்ட வேண்டும் என்பவற்றை ஒப்பந்தத்தில் பார்த்துவிட வேண்டும். வியாபாரியிடம் விற்றுத்தரச் சொல்லி ஒப்படைப்பதானால், கார் அவரிடம் இருக்கும் காலத்துக்குக் காப்பீடு யாருடையது, விற்ற பணம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, மூல ஆவணங்களைப் பணம் வரும்வரை உங்களிடமே வைத்திருங்கள்.

விளம்பரத்தில் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுத வேண்டும். ‘நிறுத்தும்போது நன்றாக ஓடியது’ என்ற வாக்கியத்தை இத்துறையில் யாரும் நம்புவதில்லை. ‘என்ஜின் கையால் சுழல்கிறது, ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை’ என்பதை நம்புவார்கள். துருப்பிடித்த இடங்களின் படங்களும் இருக்கட்டும். நேரில் வந்து ஏமாந்து திரும்புபவர்கள் குறைவார்கள். பதிவு ஆவணத்தின் முழுப் படத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.

காரைப் பார்க்காமலேயே கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டு, கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தை வண்டி ஏற்றிச் செல்லும் ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பவர் மோசடிக்காரர். காசோலை சில நாட்கள் கழித்துத் திரும்பும், நீங்கள் கொடுத்த பணம் திரும்பாது. பணம் கணக்கில் உறுதியாக வந்துசேர்ந்ததை உங்கள் வங்கியை நீங்களே தொடர்புகொண்டு கேட்டறிந்த பிறகே சாவியையும் ஆவணங்களையும் கொடுக்க வேண்டும். ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படுகிறது என்ற குறிப்போடு, சேசிஸ் எண், விலை, தேதி, நேரம், காரோடு கொடுக்கப்படும் உதிரிபாகங்களின் விவரம் ஆகியவை அடங்கிய ரசீதில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். உரிமை மாற்றத்தை வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் வேலையை வாங்கியவர் பொறுப்பில் விட்டுவிடாமல் அன்றே நீங்களே செய்து, அதற்கான ஒப்புகை கிடைத்த பிறகு காப்பீட்டை ரத்து செய்யலாம்.