காயத்தோடு குடும்பம் நடத்துகிறவர்கள் உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) போக

முதுகில் எறிகணைத் துண்டோடு இருக்கிற முன்னாள் போராளி, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறவர், அவரைத் தூக்கிப் பறித்தே இடுப்பு நொந்துபோன மனிசி. 2009இல் போர் முடிந்த பிறகு இலங்கையின் வன்னியில் இப்படி எத்தனையோ வீடுகள், சில வீட்டில் காயப்பட்டது மனிசி, பார்க்கிறது மனுசன். கிளினிக்கில் காயத்தைப் பார்ப்பார்கள், ஆனால் ரெண்டு பேரும் மாதக்கணக்கில் முகம் பார்த்துக் கதைக்காததை அங்கே யாரும் கேட்பதில்லை.

எங்கே போவது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள். வெளியே வர ஏலாதென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அயலில் யாராவது "விசர் டொக்டரிட்டயோ போறியள்?" என்றால் நித்திரைக்கு மருந்தெடுக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

இருவரும் சேர்ந்து போங்கள். நோயாளியை மட்டும் அனுப்பினால் பிழை முழுவதும் அவரில்தான் என்று ஆகிவிடும். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள், ஏனென்றால் நித்திரை இல்லாவிட்டால் நோ கூடும், நோ கூடினால் நித்திரை வராது, வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு இறுகினால் அதுவும் நோவைக் கூட்டும், ஆகவே இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல வேண்டும். "அவர் சரியான கோவக்காரன்" என்று சொல்லாதீர்கள். "போன கிழமை புண்ணுக்கு மருந்து கட்டேக்க கையைத் தட்டிவிட்டார், நான் ரெண்டு நாள் கதைக்கேல்லை" என்று சொன்னால் அவர்களுக்கு வேலை செய்ய ஏதாவது கிடைக்கும்.

சரி, பலர் கேட்கத் தயங்குகிற விஷயம்: நாங்கள் சொல்வதை அங்கே எழுதிவைத்தால் அதை யார் பார்ப்பார்கள்? முதல் நாளே நேராகக் கேளுங்கள். எந்தப் படையணி, என்ன பொறுப்பு என்றெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இன்றைக்கு வீட்டில் நடப்பதை வைத்தே நிறையச் செய்யலாம்.

வீட்டில் செய்ய ஒன்று. பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு 20 நிமிசம் நோயைப் பற்றிக் கதையுங்கள், மற்ற நேரம் மருந்துக் கதை வேண்டாம். ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, "நீர் சொல்றது இதுதானே" என்று திருப்பிச் சொல்லவேண்டும். அவர் நோவை மறைப்பார், இவ நுண்கடனை மறைப்பா, ரெண்டு பேரும் மற்றவரின் மனம் நோகக்கூடாதென்றுதான் மறைக்கிறார்கள், ஆனால் விலகிப்போவது அங்கேதான் தொடங்குகிறது.

தாம்பத்தியத்தைப் பற்றியும் கேளுங்கள். முள்ளந்தண்டுக் காயத்தோடு அது முடிந்துவிடுவதில்லை, பல பிரச்சினைகளுக்குச் சிகிச்சை உண்டு. வெட்கமென்றால் தாளில் எழுதிக் கொடுங்கள்.

படுக்கைப் புண் வராமல் ராவில் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிவிடுகிற மனிசிக்கு என்ன உளவளத்துணை கொடுத்தாலும் நித்திரை இல்லாமல் ஏறாது. தம்பியையோ மாமியையோ கிழமைக்கு ஒரு ராவாவது கேளுங்கள்.

அடி விழுகிற வீடென்றால் மட்டும் சேர்ந்து போகாதீர்கள். தனியே போங்கள், இல்லாவிட்டால் பெண்களுக்கான 1938க்கு எடுங்கள். சாகப்போகிறேன் என்று கதைத்தால் வயலுக்கு வைத்திருக்கிற மருந்துப் போத்தலை அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றி, ஆளைத் தனியே விடாமல், 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.