கிணறு கலக்கி இறைக்கிறவை விடுற பிழையள்

போன கிழமை தீவுப்பக்கம் ஒரு வளவுக்குப் போனனான். செத்தவீடு நடந்து 31ஆம் நாள் வருது, வீடெல்லாம் கழுவியாச்சு, கிணறையும் கலக்கி இறைச்சாத்தான் துடக்குப் போகும் எண்டு அந்த வீட்டு மாமி நிக்கிறா. ரெண்டு பெடியள் பெரிய வாட்டர் பம் ஒண்டைக் கொண்டந்து இறக்கிப்போட்டு "அண்ணை, மத்தியானத்துக்குள்ள அடியைக் காட்டுறம்" எண்டாங்கள். எனக்கு வயித்தைக் கலக்கிச்சுது, ஏனெண்டா இதே வீரத்தை நானும் ஒருக்காக் காட்டினனான்.

கயிறு, வாயு, கிணத்துக்கட்டு பற்றியெல்லாம் நான் சொல்லப்போறேல்லை. அது தெரியாதவன் இறங்கவே கூடாது.

அடி தெரியுமட்டும் இறைக்கிறது

நான் தொழிலுக்கு வந்த புதுசு, ஆவணி மாசம், நல்ல கோடை. ஒரு வீட்டில குடிபூரலுக்கு முதல் கிணறு துப்பரவாக்கக் கூப்பிட்டவை. விடிய அஞ்சு மணிக்கு பம்மைப் போட்டு, ஊற ஊற விடாம இறைச்சு, பின்னேரம் அடியில வெறுங்காலோட நிண்டு சேறு வழிச்சன், வீட்டுக்காரருக்குச் சரியான சந்தோசம். அடுத்தநாள் காலமை தேத்தண்ணியை வாயில வச்ச ஐயா அப்பிடியே முத்தத்தில துப்பிப்போட்டார். உப்பு. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச தண்ணி, ஆனா உப்பு. மாரி மழை பெய்யுமட்டும் அந்தச் சனம் குடத்தோட பக்கத்து வளவுக்கு நடந்தது, என்னைக் கண்டா இப்பவும் முகம் குடுக்காயினம்.

ஏன் இப்பிடி எண்டா, எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள்ள மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ கிட்டத்தட்ட 40 அடி நிக்கும் எண்டது கணக்கு, அப்ப மேல ஒரு அடியை நீங்கள் இறைச்சு எடுத்தா கீழ இருக்கிற உப்பு அதே கணக்கில மேல ஏறப் பாக்கும். நம்பாட்டி நிலாவரைக் கிணத்தைப் பாருங்கோ, மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. 2004 சுனாமிக்குப் பிறகும் இதுதான் நடந்தது, கடல் தண்ணி புகுந்த கிணறுகளை உப்புப் போகட்டும் எண்டு திரும்பத் திரும்ப இறைச்சு, சில இடங்களில கீழ இருந்த உப்பையும் சேத்து இழுத்து விட்டினம்.

இதில எனக்கு இப்பவும் கோவம் வாறது என்னெண்டா, ஒருத்தரும் எதைப் போக்கப் போறம் எண்டு கேக்கிறேல்லை. சேறா, கிருமியா, துடக்கா? துடக்குக்குப் பத்து வாளி இறைச்சாலும் காணும் எண்டு ஐயரே மாமிக்குச் சொன்னவர், நான்தான் போன் போட்டுக் குடுத்தன். சேறு எடுக்கிறதெண்டா மாரி முடிஞ்சு ஊத்து நிறைஞ்சு நிக்கேக்க, சின்னப் பம்மால, நிப்பாட்டி நிப்பாட்டி இறையுங்கோ. இடையில ஒருக்கா நாக்கில வச்சும் பாருங்கோ.

மஞ்சத்தண்ணி தெளிச்சா காணும்

துடக்குக் கழியும். கிருமி கழியாது.

கொதிக்க வச்சா எல்லாம் போயிடும்

கிருமி சாகும், ஓம். ஆனா தோட்டத்துப் பசளையாலயும் மலசலகூடக் குழியாலயும் ஊறி வாற நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருந்தா குடிக்கக் கூடாது, பால்மாக் கரைக்கிற குழந்தைப்பிள்ளை இருக்கிற வீடெண்டா கட்டாயம் தண்ணியைச் சோதிக்கக் குடுங்கோ.

குளோரினைக் கையால அள்ளிப் போடுறது

10 அடி அகலக் கிணத்தில 6 அடி தண்ணி நிண்டாலே 13,000 லீட்டருக்கு மேல. உங்கட கிணத்துத் தண்ணியை அளந்துகொண்டு போய், அதுக்கு எவ்வளவு குளோரின் எண்டு பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கேளுங்கோ.

இறைச்ச தண்ணியைக் கிணத்தடியிலயே விடுறது

அரை மணித்தியாலத்தில திரும்பக் கிணத்துக்கதான் நிக்கும். வாழையடி வரைக்கும் ஹோஸை இழுங்கோடா எண்டா அந்தப் பெடியளுக்குப் பஞ்சி.