எச்ஐவி உள்ள குழந்தைக்குக் காசநோய் மருந்து: எங்கே தவறு நேர்கிறது?

மருந்தை விழுங்கிவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. கிருமியைக் கொல்வது இரத்தத்தில் சேரும் அளவுதான். எச்ஐவி உள்ள குழந்தைகளுக்குக் குடல் உறிஞ்சும் திறன் குறைந்திருக்கலாம். வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் சேர்ந்தால் அது இன்னும் மோசமாகும். இவர்களின் இரத்தத்தில் ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய காசநோய் மருந்துகள் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

பெரியவர்களின் கணக்கையே குழந்தைக்கும் போடுவது பழைய தவறு. எடைக்கு எடை பார்த்தால், சிறு குழந்தையின் உடல் இம்மருந்துகளை வேகமாக வெளியேற்றுகிறது. அதனால்தான் 2010இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான அளவைக் கூட்டியது. கிலோவுக்கு ரிஃபாம்பிசின் 15 மி.கி., ஐசோனியசிட் 10 மி.கி. என்பது இன்றைய கணக்கு.

நான் மிகவும் கவலைப்படுவது அடுத்த தவறைப் பற்றி. சிகிச்சை பலித்து, பசியெடுத்து, குழந்தை எடை கூடுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் முதல் நாள் எழுதிய மாத்திரை எண்ணிக்கை அப்படியே தொடர்கிறது! 7 கிலோவில் தொடங்கிய குழந்தை 9 கிலோவுக்கு வந்த பிறகும் அதே டோஸ் என்றால், கிலோவுக்குக் கிடைக்கும் மருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஒவ்வொரு வருகையிலும் எடை பார்க்கச் சொல்லுங்கள், டோஸ் மாற வேண்டுமா என்று கேளுங்கள்.

ரிஃபாம்பிசின் எச்ஐவி மருந்துகளையும் விட்டுவைப்பதில்லை. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தின் அளவைக் குறைக்கிறது. அதனால் டோலுடெக்ராவிரைத் தினமும் இருவேளை தர வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த அன்றே ஒருவேளைக்கு மாறிவிடக் கூடாது. தூண்டுதல் அடங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாக வருகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். மருந்து உள்ளே போனதை அது காட்டும், போதுமான அளவு இருப்பதைக் காட்டாது. வெறும் வயிற்றில் தந்தால் மருந்து நன்றாகச் சேரும். ஆனாலும் குமட்டினால் கொஞ்சம் உணவோடு தரலாம், வேளையைத் தவறவிடுவதுதான் கேடு.

குழந்தை தேறவில்லையென்று நீங்களாக டோஸைக் கூட்டாதீர்கள், கல்லீரல் பாதிக்கப்படலாம். வசதி இருந்தால், மருந்து தந்த 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.