ஆப்பிரிக்க விலங்குத் துணுக்கு எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நெருப்புக்கோழி மணலில் தலையைப் புதைக்காது, ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது, சிங்கம் பெரும்பாலும் புல்வெளியில்தான் திரியும். இதெல்லாம் இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அத்துப்படி. அவற்றில் இங்கே நேரம் செலவழிக்கப் போவதில்லை.

சிறுவர் இதழ், பள்ளிக் கண்காட்சி, நாட்காட்டி என்று கேட்கிற இடத்துக்கெல்லாம் விலங்குத் துணுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாக எழுத வருகிறவர்களின் பக்கங்களும் திருத்தத்துக்கு என்னிடம் வரும். படிக்கப் படிக்க, ஒரு காலத்தில் நானே எழுதித் தள்ளிய பக்கங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அதே ஆசை, அதே அவசரம். யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்ற மூன்றையும் கழற்றிப் போட்டுவிட்டு வியப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

படத்தைக் கடைசியில் தேடுவது

துணுக்கு ஆப்பிரிக்க யானையைப் பற்றி இருக்கும்; படத்தில் நம்மூர் யானை நிற்கும். காது அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லையா, தும்பிக்கை நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆப்பிரிக்க யானைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு விரல் போன்ற முனைகள் உண்டு. ஆசிய யானைக்கு மேலே ஒன்றுதான்.

சிவிங்கிப்புலிக்கும் சிறுத்தைக்கும் நடக்கும் குழப்பத்தைத் தீர்க்க முகம் போதும். கண்ணின் உள்ஓரத்திலிருந்து வாய் வரை மையிட்டதுபோல் கறுப்புக் கோடு இறங்கினால் அது சிவிங்கிப்புலி. கழுதைப்புலியில்தான் நுட்பமான சிக்கல். நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பது வரிக் கழுதைப்புலி. அது ஆப்பிரிக்காவிலும் உண்டு என்பதால், ‘ஆப்பிரிக்கக் கழுதைப்புலி’ என்று தேடினால் அதன் படமும் வரும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சிரிப்புச் சத்தமும் பெண்ணாட்சியும் புள்ளிக் கழுதைப்புலிக்கு உரியவை.

எண்ணை மட்டும் பிய்த்தெடுப்பது

‘சிவிங்கிப்புலி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.’ இந்த வரி இல்லாத துணுக்குக் கட்டையே நான் கண்டதில்லை. எந்தச் சிவிங்கிப்புலி, யார் அளந்தது என்று கேட்டால் பதில் வராது.

அளந்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த ஆலன் வில்சன் குழுவினர் போட்ஸ்வானாவில் ஐந்து காட்டுச் சிவிங்கிப்புலிகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி 367 ஓட்டங்களைப் பதிந்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. அதிகபட்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். பெரும்பாலான வேட்டைகளில் அந்த வேகத்தின் பக்கத்தில்கூட அது போகவில்லை. நான்கில் ஒரு பங்கு ஓட்டத்தில்தான் இரை சிக்கியது. அந்தக் கழுத்துப்பட்டைகள் காட்டிய உண்மையான வித்தை வேறு: சட்டென்று வேகமெடுப்பது, அதைவிடச் சட்டென்று வேகத்தைக் குறைத்து மான் திரும்பும் பக்கம் தானும் திரும்புவது. 2012-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையின் சாரா என்ற சிவிங்கிப்புலி 100 மீட்டரை 5.95 நொடியில் ஓடியது. அதையும் எழுதலாம், அளந்து அமைத்த ஓடுதளத்தில் ஓடியது என்பதையும் சேர்த்து எழுதுவதானால்.

நீர்யானையின் ‘ரத்த வியர்வை’

ரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை. தோலில் நிறமில்லாமல் கசிந்து, பிறகு சிவந்து, கடைசியில் பழுப்பாகும் ஒரு சுரப்பு. அதிலுள்ள சிவப்பு, ஆரஞ்சு நிறமிகள் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன, சிவப்பு நிறமி சில பாக்டீரியாக்களையும் அடக்குகிறது என்று ஜப்பானிய வேதியியலாளர்கள் 2004-இல் காட்டினார்கள்.

போதை யானை

மரூலாப் பழம் தின்று யானை தள்ளாடும் என்ற கதை. 2006-இல் யானையின் உடலுக்குப் போதை ஏற எவ்வளவு பழம் வேண்டும் என்று கணக்குப் போட்டு இல்லை என்றார்கள். 2020-இல் சாராயத்தைச் செரிக்க உதவும் மரபணுவைப் பார்த்து இருக்கலாம் என்றார்கள். வழக்கு முடியும் வரை தொட வேண்டாம்.

கேள்விப்பட்ட நட்பை எழுதிவிடுவது

இதில்தான் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இரண்டு விலங்குகள் கூட்டாளிகள் என்றால் துணுக்கு எழுதுகிறவருக்குக் கை சும்மா இருக்காது. நைல் முதலை வாயைத் திறந்து காட்ட, ஒரு சின்னப் பறவை உள்ளே போய்ப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் கதையைக் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். பறவையியலாளர் உறுதிசெய்த பதிவு இன்றுவரை இல்லை. துணுக்கு மட்டும் ஆண்டுதோறும் வருகிறது.

அதற்கு அடுத்தது தேன்காட்டிப் பறவை. மைனாவைவிடச் சற்றுச் சிறிய, சாம்பல் பழுப்பில், கூட்டத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பறவை. அது தேன்வளைக்கரடியை (ஹனி பேட்ஜர்; பெயரில்தான் கரடி) கூப்பிட்டுக்கொண்டு போய்த் தேன்கூட்டைக் காட்டும், கரடி கூட்டைப் பிய்த்துத் தேனைத் தின்ன, மிச்ச மெழுகைப் பறவை தின்னும் என்பது கதை. 18-ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் சுற்றிய ஸ்வீடன்காரர் ஸ்பார்மன், அங்கிருந்தவர்கள் சொல்லக் கேட்டு எழுதியது. அவர் நேரில் கண்டதில்லை. அங்கிருந்து ஒவ்வொரு விலங்குப் புத்தகமாக ஏறி நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பகம் சிறுவர் நாட்காட்டி போட்டது. புதுப் பையன் ஒருவன் துணுக்கு எழுதியிருந்தான். ஜூன் மாதத்துக்கு இந்தக் கதை. ஓவியர் பிரமாதமாக வரைந்திருந்தார்: கிளையில் பறவை, கீழே அண்ணாந்து பார்க்கும் கரடி, பொந்திலிருந்து வழியும் தேன். அச்சாகிக் கட்டுக் கட்டாக அடுக்கிய பிறகுதான் என் கையில் ஒன்று கிடைத்தது. பறவை பகலில் திரிவது, கரடி பெரும்பாலும் இரவில் அலைவது. இதையாவது யோசித்திருக்கலாமே என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. பதிப்பகத்தார் ஆள் வைத்து ஒவ்வொரு பிரதியிலும் துணுக்கின் மேல் துண்டுச் சீட்டு ஒட்டினார்கள். கூலி, தாமதம், தவறிப்போன கடை விற்பனை எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டு லாபம் போயிற்று.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘தேன்காட்டிப் பறவை தேன்வளைக்கரடிக்கு வழிகாட்டுவதில்லை. இது முழுக்கக் கட்டுக்கதை.’

முதல் தவறைவிட இது எனக்குக் கூடுதலாக எரிச்சல் தந்தது. ஆதாரம் இல்லாமல் ‘ஆம்’ என்றவர்கள் அதே ஆதாரம் இல்லாமல் ‘இல்லை’ என்று தாவிவிட்டார்கள். 2023-இல் ஆய்வாளர்கள் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் ஏறக்குறைய நானூறு தேன் வேட்டைக்காரர்களிடம் போய்க் கேட்டார்கள். பெரும்பாலோர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஆனால் தான்சானியாவின் ஹட்சா மக்களில் பலர் பார்த்திருக்கிறோம் என்றார்கள். ஆக, எல்லா இடத்திலும் நடப்பதில்லை, சில இடத்தில் நடக்கலாம். சீட்டும் தப்பு. அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்ட யாரும் தயாராக இல்லை.

இத்தனைக்கும், கையெட்டும் தூரத்தில் கிடந்த நிஜத்தை ஒருவரும் தொடவில்லை. அந்தப் பறவை வழிகாட்டுவது மனிதனுக்கு! அதைக் கண்ணால் கண்டவர்களும் அளந்தவர்களும் இருக்கிறார்கள்.

மொசாம்பிக்கின் நியாசா காப்பகத்தில் யாவோ மக்கள் தேனெடுக்கப் போகும்போது நாக்கைச் சுழற்றி ‘ப்ர்ர்ர்ர்’ என்று ஒலியெழுப்பி, ‘ஹ்ம்’ என்று முடிப்பார்கள். பறவை வந்து கலகலவென்று சத்தமிடும். மரம் விட்டு மரம் தாவும். வால் ஓரத்து வெள்ளை இறகு தெரிய விரித்துக் காட்டும். ஆள் பின்னால் வருகிறாரா என்று நின்று பார்த்து, அடுத்த மரத்துக்குப் போகும். கூடு இருக்கும் மரத்தருகே வந்ததும் சத்தம் மாறும். புகைமூட்டித் தேனீக்களை அடக்கிக் கூட்டை எடுத்த பிறகு யாவோக்காரர்கள் மெழுகை இலையில் வைத்துப் பறவைக்கு விட்டுவிடுகிறார்கள். ஹட்சா மக்கள் நேர் எதிர். மிச்ச மெழுகை எரித்தோ புதைத்தோ விடுவார்களாம். பறவை பசியோடு இருந்தால்தானே அடுத்த கூட்டைக் காட்டும்!

கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் என்ற பறவையியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2016-இல் நியாசாவில் இதைச் சோதித்தார்கள். யாவோ அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டால் 66 சதவீத முறை பறவை வந்து வழிகாட்டியது. வேறு மனிதக் குரலையோ விலங்குச் சத்தத்தையோ போட்டால் ஏறக்குறைய 33 சதவீதம்தான். கூடு கிடைக்கும் வாய்ப்பு மும்மடங்குக்கும் மேல் கூடியது. 2023-இல் அடுத்த சோதனை: ஹட்சாக்காரர்களின் சீட்டியைத் தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும், யாவோ அழைப்பையும் அதேபோல் இரண்டு இடத்திலும் போட்டுப் பார்த்தார்கள். அந்தந்த ஊர்ப் பறவை அந்தந்த ஊர்க்காரர் அழைப்புக்கே அதிகம் வந்தது.

இன்னொன்று. இந்தப் பறவை குயில் மாதிரி பிறர் கூட்டில் முட்டையிடுவது. கண் திறக்காத குஞ்சு அலகு நுனிக் கொக்கியால் அந்தக் கூட்டின் சொந்தக் குஞ்சுகளைக் கொத்திக் கொன்றுவிடும். அதனால் உள்ளூர் அழைப்பைக் கூட்டிலிருந்து பெற்றோரிடம் கற்றிருக்க வழியே இல்லை. நாட்காட்டியில் ஒரு மாதம் என்ன, ஒரு வருடமே இதற்குக் கொடுக்கலாம். அதை விட்டுவிட்டு இன்னும் உறுதியாகாத கரடிக் கதையை வரைந்தார்கள்.

கழுதைப்புலியைத் திருடனாக்குவது

சிங்கம் அடித்ததைக் கழுதைப்புலி திருடும் என்ற துணுக்கு, காலையில் சுற்றுலா வேனில் போய்ப் பார்த்தவர்களின் சாட்சியம். இரைமேல் சிங்கம், சுற்றிலும் கழுதைப்புலிகள், வேறென்ன தோன்றும்? விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1960-களில் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் இங்கோரோங்கோரோ பள்ளத்திலும் இரவெல்லாம் பின்தொடர்ந்து பார்த்தார். புள்ளிக் கழுதைப்புலிகள் தம் இரையில் பெரும்பங்கைத் தாமே வேட்டையாடுகின்றன. இங்கோரோங்கோரோவில் பல இரவுகளில் அடித்தது கழுதைப்புலி, பிடுங்கிக்கொண்டது சிங்கம்.

‘ஆப்பிரிக்காவில் ஒரு பறவை...’

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். பாலைவனமும் மழைக்காடும் பனிமூடிய மலையும் அதில் அடக்கம். ‘ஆப்பிரிக்காவில் ஒரு பறவை மரத்தில் வைக்கோல் கூரை போடும்’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு மனதில் ஒன்றும் நிற்காது. ‘கலஹாரிப் பகுதியில் பகலில் கொளுத்தும், குளிர்கால இரவில் உறையும், அங்கே கூட்டுத் தூக்கணாங்குருவிகள் ஒரே மரத்தில் பல அறைகள் கொண்ட பெரிய புல்வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன’ என்று எழுதிப் பாருங்கள். ஏன் கட்டுகிறது என்ற கேள்விக்குப் பதில் இடத்திலேயே கிடைத்துவிட்டது.

சிறுபூநாரை என்றால் தான்சானியாவின் நாட்ரான் ஏரியைச் சொல்லுங்கள். பென்குயின் என்றால் கேப் டவுனுக்குத் தெற்கே சைமன்ஸ் டவுன் பக்கமிருக்கும் போல்டர்ஸ் கடற்கரை. மரமேறும் சிங்கம் என்றால் உகாண்டாவின் இஷாஷா. ஒக்காப்பி காங்கோ ஜனநாயகக் குடியரசைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லை.

மனிதக் குணம் ஏற்றுவது

‘பாசக்காரத் தாய்’, ‘நன்றியுள்ள’, ‘பழிவாங்கும்’. இப்படிப்பட்ட சொற்களை அடித்துவிடுங்கள்.

நாள் போடாமல் எழுதுவது

‘உலகின் கடைசி ஆண் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் கென்யாவில் வாழ்கிறது’ என்ற துணுக்கு இன்னும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் சூடான். ஒல் பெஜெட்டா காப்பகத்தில் 2018 மார்ச் 19 அன்று இறந்துவிட்டது. மிஞ்சியவை அதன் மகள் நஜின், பேத்தி ஃபாட்டு என்ற இரண்டு பெண்கள்.

இதைத் திருத்தச் சொன்னால் ‘வெள்ளைக் காண்டாமிருகம் அழியப்போகிறது’ என்று மாற்றி அனுப்புகிறார்கள். அதுவும் சரியில்லை. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் 19-ஆம் நூற்றாண்டு முடிவில் ஒரு சிறு கூட்டமாகக் குறைந்து, பாதுகாப்பினால் பெருகி இன்று பல ஆயிரமாக இருக்கிறது. வடக்கா தெற்கா என்பதையும், எந்த மாதத்து நிலவரம் என்பதையும் துணுக்கிலேயே எழுதிவிடுங்கள். நஜின் பிறந்தது 1989-இல்; வயதாகிவிட்டது, நிலவரம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அச்சுக்கு அனுப்பும் நாளில் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.