முன்கண்ணாடி ஓரம் ஒழுகுதா?

ஆனியில சாரல் இறங்கினா, பழைய பிக்கப் வச்சிருக்கவங்க தென்காசிப் பக்கமிருந்து வந்திருவாங்க: "அண்ணாச்சி, டேஷ்போர்டுக்குள்ள தண்ணி!" பாதிப் பேரு ஏற்கெனவே சிலிக்கானை அப்பியிருப்பாங்க. புளிச்ச காடி வாசம் அடிக்கிற சிலிக்கான்ல அசிட்டிக் அமிலம் வெளிய வரும், இரும்புக்கு ஆகாது.

கண்ணாடியைக் கழற்றாம வேலை இல்ல. கண்ணாடியைச் சுத்திப் பிடிச்சிருக்கிற பீடிங் ரப்பர் எப்படியும் விறைச்சிருக்கும். அறுத்து எடுங்க, நெம்பாதீங்க; ஓரத்துல லேசா தட்டினாலே விரிசல் ஓடிரும்.

கண்ணாடி உக்காந்திருந்த இரும்புச் சட்டத்தோட கீழ் மூலை ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, தண்ணி தேங்குறது அங்கதான். பொத்துக்கிட்டுப் போச்சுன்னா பட்டி போட்டு மூடுதேன்னு சொல்றவர்ட்ட வண்டிய விடாதீங்க. நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டி, 20 கேஜ் தகடு வச்சு வெல்டிங் அடிக்கணும். அதுக்கு முன்னால பேட்டரி வயரைக் கழற்றி, டேஷ்போர்டு மேல ஈரச்சாக்கு போட்டுருங்க. மேல்துரு மட்டும்னா கம்பி பிரஷ், உப்புத்தாள் போதும். அப்புறம் எபாக்ஸி பிரைமர், பெயின்ட். சாரல் நாள்ல பிரைமர் அடிக்காதீங்க, பிடிக்காது.

புது பீடிங்கைக் கண்ணாடியில மாட்டி, அதோட வெளிப்பக்கம், சட்டத்துத் தகடு உக்காருற பள்ளத்துல கயிறு சுத்தி, சோப்புத் தண்ணி தடவுங்க. வெளிய ஒருத்தர் உள்ளங்கையால அழுத்தணும், உள்ள இருந்து நீங்க கயிறை இழுக்கணும். ஹோஸ் பைப்பால கீழ இருந்து மேல நனைச்சுப் பாத்துட்டுத்தான் வேலையை முடிக்கணும்.