பொன்னாடைக்குப் பதில் என்ன செய்யலாம்? நீலகிரியில் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நன்றி சொல்லும் முறை

மே 12 செவிலியர் நாள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ல் பிறந்த தேதி. ஊட்டியில் மே என்றால் சீசன் உச்சம், ரோடு நகராது. அந்த நெரிசலில் காலை 11 மணிக்கு விழா வைத்து, இரவு டியூட்டி முடிந்து தூங்கப்போன சிஸ்டரை எழுப்பி வரவழைக்காதீர்கள். ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து வார்டுக்கே போனால் இரண்டு ஷிப்டுக்காரர்களும் இருப்பார்கள். பத்து நிமிஷம் போதும். இரவு டியூட்டிக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயும் வர்க்கியும் தனியாகப் போகட்டும். எல்லா விழாவிலும் விட்டுப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அரசு மருத்துவமனையில் பணம் நீட்ட வேண்டாம். மருத்துவமனைத் தலைமைக்குக் கடிதம் எழுதுங்கள்: தேதி, வார்டு, சிஸ்டரின் பெயர், அவர் செய்த வேலை. “நன்றாகக் கவனித்தார்” என்று எழுதினால் அது யாரைப் பற்றியும் இருக்கலாம். “ராத்திரியிலும் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைத்தார், அப்பாவுக்குப் படுக்கைப்புண் வரவில்லை” என்று எழுதுங்கள்.

வீட்டோடு தங்கிப் பார்ப்பவர் விஷயம் வேறு. இரவில் நாலைந்து முறை எழுகிறவருக்குத் தூக்கமே சம்பளத்துக்கு அடுத்த தேவை. பகலில் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் வீட்டார் பொறுப்பேற்க வேண்டும். அந்த நேரத்தில் துணி துவைக்கவோ சமைக்கவோ சொல்லக் கூடாது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் தரையில் பாய் போட்டுப் படுக்க முடியாது: கட்டில், இரண்டு கம்பளி, கை கழுவ வெந்நீர். குளிருக்கென்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரைக் குடிக்கும்.

இந்த வேலையில் சீக்கிரம் கெடுவது இடுப்பு. எழவே முடியாதவர் என்றால் கட்டிலின் கால்களுக்கு அடியில் குழிவெட்டிய மரக்கட்டை வைத்து, பராமரிப்பவரின் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். குழி இல்லாவிட்டால் கால் வழுக்கும். எழுந்து நடப்பவருக்கு இது கூடாது, விழுந்துவிடுவார். அடுத்து, பருத்தி பெட்ஷீட் ஒன்றை இரண்டாக மடித்து, நோயாளியின் தோள் முதல் தொடை வரை அடியில் இருக்கும்படி விரியுங்கள். நகர்த்தும்போது இருவர் எதிரெதிரே நின்று, ஓரங்களை அவர் உடம்பை ஒட்டும்வரை சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் லேசாகத் தூக்கி நகர்த்த வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் நோயாளியின் தோள் மூட்டு கெடும். உரசி இழுத்தால் தோல் வழன்று அங்கேதான் புண் தொடங்கும். அந்த இரண்டாவது ஆள் நீங்களாக இருப்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கையுறைப் பெட்டியில் 100 இருக்கும், அதாவது 50 ஜோடி. நாளுக்கு ஐந்து முறை டயப்பர் மாற்றினால் பத்தே நாள் வரும். தீர்ந்தபின் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் ஏழாம் நாளே அடுத்த பெட்டியை வாங்கி வையுங்கள். வெடிக்கும் கைக்கு வாசலினும்.

மறதி நோய் உள்ளவர்கள் “என் வளையலை எடுத்துட்டா” என்று சொல்வது சகஜம். வேலைக்கு வரும் முதல் நாளே நகை, பணத்தை எடுத்து லாக்கரில் வைத்துவிட்டால் பழி விழ இடமிருக்காது. சென்னையிலிருந்து இரண்டு நாள் லீவில் வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: குறை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாட்டி முன்னால் திட்டினால், மறுநாள் பாட்டியும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்.

பகல் வேலைக்கு வருபவரைக் கடைசி பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் முன்னால் அனுப்புங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருட்டினால் காட்டெருமை ரோட்டில் நிற்கும். தாமதமானால் ஆட்டோ செலவு உங்களுடையது. பரிசு வாங்கியே தீருவேன் என்றால் ரெயின்கோட், நல்ல டார்ச், வழுக்காத ஷூ.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருபவர்களுக்குப் பரிசு தேவையில்லை. நாயைக் கட்டுங்கள். மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் மேஜையில் எடுத்து வையுங்கள். வீடு படிக்கட்டுக்கு மேலே இருந்தால், ரோடு வரை இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியவர் இறந்துவிட்டால் பார்த்துக்கொண்டவருக்கு அன்றே வேலை போகிறது. அழுகைச் சத்தத்தில் அவர் கணக்கை யாரும் நினைப்பதில்லை. அந்த மாதச் சம்பளம் முழுதாகக் கொடுங்கள், ஊருக்குப் போக வண்டி ஏற்பாடு செய்யுங்கள், கருமாதிக்கு அழையுங்கள். கூடவே ஒரு சான்றுக் கடிதம்: எத்தனை மாதம் பார்த்தார், மூக்குக்குழாய், சிறுநீர்க்குழாய், இன்சுலின் என எதையெல்லாம் கையாளத் தெரியும், விசாரிக்க உங்கள் போன் நம்பர். அடுத்த வீட்டில் சம்பளம் பேசும்போது அவர் கையில் அது இருக்க வேண்டும்.